அடுத்த வீட்டு நாயும் நமது பொறுப்பும்

பொழுது புலர்வதற்கு முன்னரே பெரட்டுக்குப் புறப்படும் பழக்கம் உடையவர்கள் நாம். கையில் விளக்கும் வாளியும் உளியுமாக லயத்தை விட்டு இறங்கி நடக்கும்போது, கடைசி வீட்டின் மறைவிலிருந்து ஓர் உறுமல் கேட்கும். அந்த இடம் வந்ததும் நடை தானாகவே தளர்ந்துவிடும். பிள்ளையைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிடப் போகும் தாய், அந்த ஒரு வீட்டைத் தவிர்ப்பதற்காகவே சுற்றுவழியில் போவாள். நாயின் சொந்தக்காரரோ நமக்கு அந்நியர் அல்லர். அடுத்த நிரையில் மரம் வெட்டுபவர். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் நம்மோடு நின்று பந்தல் கட்டுபவர். அவரிடம் இதை எவ்வாறு எடுத்துச் சொல்வது என்னும் தயக்கத்திலேயே ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

இம்மாதம் அந்தத் தயக்கத்தைப் பற்றியே பேச எண்ணுகிறோம். கவனிப்பாரற்றுக் கட்டிக்கிடக்கும் நாய், கண்டாரை எல்லாம் அச்சுறுத்தும் நாயாக மாறுவது ஏன்? அதன் சொந்தக்காரரோடு பகை கொள்ளாமல் நம் பிள்ளைகளைக் காப்பது எப்படி? இவற்றிற்கு விடை தேடுவோர் முதலில் பினாங்கில் நடந்ததை அறிந்துகொள்வது நல்லது.

பினாங்கு கண்ட பாடம்

வெறிநாய் நோய் நம் தீபகற்பத்திற்குப் புதியதன்று. 1950களிலேயே, தாய்லாந்து எல்லையை ஒட்டிய பெர்லிஸ், கெடா, பேரா, கிளந்தான் பகுதிகளில் நாய்களுக்குத் தடுப்பூசி போட்டு, நோய் உள்ளே நுழையாதபடி வேலி போன்றதொரு பாதுகாப்பு வளையத்தை அமைத்தனர். நெடுங்காலம் அந்த வேலி நம்மைக் காத்தது. 2012ஆம் ஆண்டில் மலேசியா வெறிநாய் நோயற்ற நாடு என்னும் தகுதியை அனைத்துலக அளவில் பெற்றது. அதற்குப் பின் மூன்றே ஆண்டுகள்தாம். 2015 ஜூலையில் பெர்லிசிலும், செப்டம்பரில் கெடாவிலும் பினாங்கிலும் அந்நோய் மீண்டும் தலைகாட்டியது.

பினாங்கு சிறிய மாநிலம். ஜார்ஜ் டவுனோ வீட்டோடு வீடு ஒட்டிய நகரம். ஐந்தடிப் பாதையில் ஒரு நாய் படுத்திருந்தால் அதைத் தாண்டித்தான் கடைக்குப் போக வேண்டும். அத்தகைய ஊரில் இச்செய்தி எத்தகைய கலக்கத்தை உண்டாக்கியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அப்போதைய முதலமைச்சர் லிம் குவான் எங் தலைமையிலான மாநில அரசு, தெருநாய்களைப் பிடித்துக் கொல்லுமாறு உத்தரவிட்டது. விலங்கு நல அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. கொல்வதை விடுத்துத் தடுப்பூசி போடுங்கள் என்று வாதிட்டன. பினாங்குக்குச் சுற்றுலாச் செல்லாதீர்கள் என்னும் பிரசாரமும் எழுந்தது. மனித உயிரே முதன்மையானது என்று மாநில அரசு பதில் கூறியது.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு என்றே நாம் கருதுகிறோம். ஆயினும் உலகச் சுகாதார நிறுவனம் பல நாடுகளின் அனுபவத்தைக் கொண்டு சொல்வது இதுதான்: ஓர் ஊரில் உள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோயின் சங்கிலி அறுந்துவிடும், கொல்வதால் மட்டும் அது அறுவதில்லை. ஓரிடத்து நாய்களை ஒழித்தால் அடுத்த இடத்து நாய்கள் அங்கே வந்து சேர்கின்றன.

அந்தச் சர்ச்சையில் அதிகம் கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு. தெருநாய் என்பது எங்கிருந்து வருகிறது? காட்டிலிருந்தா? ஒரு வீட்டில் ஆசையாக வாங்கி, வளர்ந்தபின் அலுத்துப்போய், இரவில் அவிழ்த்துவிடப்பட்ட நாயும், அது எங்கோ ஈன்ற குட்டிகளுமே பெரும்பாலும் தெருநாய்கள். கழுத்தில் பட்டை இல்லை, உரிமம் இல்லை, தடுப்பூசிக்கு அட்டை இல்லை. இத்தகைய நாய் சாலையில் நிற்கும்போது, அது ஒருவரின் வளர்ப்பு நாய் என்று எந்த அதிகாரி கண்டுபிடிப்பார்? தோட்டங்களிலும் இதுவே கதை. நிலம் விற்கப்பட்டு, லயங்கள் காலியாகி, மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தபோது, லாரியில் பாத்திரம் ஏறிற்று, கட்டில் ஏறிற்று, சாமி படம் ஏறிற்று, நாய் ஏறவில்லை.

அச்சம் வீண் அச்சமன்று என்பதைச் சரவாக் மெய்ப்பித்தது. 2017 ஜூலையில் செரியான் வட்டாரத்தில் வெறிநாய் நோய் பரவியதாக அறிவிக்கப்பட்டது. முதலில் மாண்டவர்கள் சிறு குழந்தைகள். அதன்பின் இந்நாள்வரை அம்மாநிலத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இந்நோய்க்குப் பலியாகியுள்ளனர். உலகம் முழுவதிலும் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இதனால் இறப்பதாக மதிப்பிடுகிறார்கள். மனிதருக்கு வரும் இந்நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய்களால் வருவது. நோயின் குறி தோன்றிவிட்ட பிறகு காப்பாற்ற மருந்தில்லை. தோன்றுவதற்கு முன்னர் முறையாகத் தடுப்பூசி போட்டுக்கொண்டால் ஏறக்குறைய முற்றிலும் தப்பிவிடலாம். வாழ்வுக்கும் சாவுக்கும் இடையே இத்தனை தெளிவான கோடு உள்ள நோய்கள் சிலவே.

ஒரு வீட்டுவரிசையில் நடந்தது

இனி, நமக்கு நன்கு தெரிந்த குடும்பம் ஒன்றின் அனுபவத்தைச் சொல்வோம். செபராங் பிறையில் ரப்பர்த் தோட்டம் ஒன்றில் இரண்டு தலைமுறை வாழ்ந்தவர்கள். தோட்டம் வீடமைப்புத் திட்டமாக மாறியபின், ஜெலுத்தோங் பக்கம் ஒட்டு வீட்டு வரிசை ஒன்றில் வாடகைக்கு வந்து சேர்ந்தனர். கணவருக்கு லாரி வேலை. மனைவிக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் காலை ஷிப்டு. ஐந்தரை மணிக்குத் தெருமுனையில் தொழிற்சாலைப் பேருந்து வரும். எட்டு வயதில் ஒரு மகள். கணவரின் தாயாரும் உடன் இருக்கிறார்.

தெருமுனைக்குப் போகும் வழியில், அடுத்த வீட்டு முன்வாசலில் ஒரு கறுப்பு நாய் கட்டிக்கிடந்தது. சங்கிலி ஐந்தடிக்கு மேல் இராது. விலா எலும்பு தெரிந்தது. பிஸ்கட் டின்னில் ஊற்றியிருந்த தண்ணீரில் பாசி பிடித்திருந்தது. மழை சாய்த்து அடித்தால் நாய் முழுவதும் நனையும். இரவெல்லாம் குரைக்கும். யாரேனும் கேட்டைக் கடந்தால் சங்கிலி இறுகும்வரை பாய்ந்து, பின்னங்கால்களில் நின்று பல்லைக் காட்டும். ஒரு நாள் விடியற்காலை, சங்கிலி கொக்கியிலிருந்து கழன்றிருந்தது. கேட்டும் சரியாகச் சாத்தப்படவில்லை. அந்தப் பெண்ணின் கால்சட்டை கிழிந்தது. தோலில் பல் படவில்லை. பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கை நடுங்கத் தொடங்கிற்றாம்.

அன்று மாலை கணவர் கொதித்தெழுந்தார். தோட்டத்தில் சிறுவனாக இருந்த காலத்தில், தொல்லை கொடுத்த நாய்க்குக் களைக்கொல்லி தடவிய இறைச்சியைப் போட்டதைப் பார்த்தவர் அவர். அந்த எண்ணம் வாயில் வந்ததும் தாயார் தடுத்தார். "அந்த இறைச்சியை நாய் தின்னும் என்று உனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறதா? தெருப் பிள்ளை தொட்டால் என்ன செய்வாய்? நாளைக்கு அந்தக் கிழவன் முகத்தில் எப்படி விழிப்பாய்?" என்று கேட்டாராம். தாயார் கேட்டது நியாயம். சட்டமும் அவர் பக்கம் நிற்கிறது. நஞ்சு வைத்து நாயைக் கொல்வது குற்றம். பல்லாண்டுக் காலம் 200 ரிங்கிட் அபராதத்தோடு முடிந்துவந்த விலங்குவதைக் குற்றத்திற்கு, 2017 ஜூலை முதல் நாள் நடப்புக்கு வந்த 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 20,000 ரிங்கிட்டிலிருந்து 100,000 ரிங்கிட்வரை அபராதமும் மூன்றாண்டுவரை சிறையும் விதிக்க இடமளிக்கிறது.

பிறகு என்ன செய்தார்கள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நாய் சற்று அமைதியாக இருந்த வேளையில், கணவனும் மனைவியும் ஒரு பொட்டலம் முறுக்கோடு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அங்கே தனியாக வாழ்பவர் முதிய சீனர் ஒருவர். "ஆப்பெக், சுடா மக்கான்?" என்று சாப்பாட்டைக் கேட்டுத்தான் பேச்சைத் தொடங்கினார்கள். நாயைப் பற்றி முதல் பத்து நிமிடம் ஒரு சொல்லும் இல்லை. பிறகு அந்தப் பெண், கிழிந்த கால்சட்டையைக் காட்டாமல், "விடியற்காலையில் தனியாகப் போகிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது, ஆப்பெக்" என்று மட்டும் சொன்னார்.

கிழவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பின்னர் தாமும் அந்த நாய்க்கு அஞ்சுவதாகச் சொன்னார்! வீட்டில் ஒருமுறை திருட்டு நடந்ததும் மகன் அதை வாங்கிக் கட்டிவிட்டு, வேலைக்காகச் சிங்கப்பூர் போய்விட்டான். கிழவருக்கு முழங்கால் வலி. நாயை நடத்திக்கொண்டு போக முடியாது. சோற்றுத் தட்டைத் துடைப்பக் கட்டையால்தான் தள்ளிவிடுகிறாராம். அவிழ்த்துவிட்டால் யாரையாவது கடிக்கும். யாரிடமாவது கொடுத்துவிட்டால் மகன் வருந்துவான். கொடியவர் ஒருவர் அந்த வீட்டில் இருப்பதாக எண்ணிச் சென்றவர்கள், கைவிடப்பட்ட இருவரைக் கண்டு திரும்பினார்கள்.

கட்டிய நாய் ஏன் சீறுகிறது?

மேலே போவதற்கு முன் இதைச் சற்று விளக்க வேண்டும். நாய் கூட்டமாக வாழப் பிறந்த பிராணி. அச்சம் வந்தால் விலகி ஓடுவதே அதன் முதல் வழி. ஐந்தடிச் சங்கிலியில் ஓட வழியில்லை. ஆகவே எதிர்ப்பது ஒன்றே எஞ்சுகிறது. கேட்டைக் கடக்கும் ஒவ்வொருவரும் அதன் கண்ணுக்குத் தன் இடத்தைப் பறிக்க வருபவர். குரைக்கிறது, வழிப்போக்கர் தம் வழியே போய்விடுகிறார். தான் குரைத்ததால்தான் அவர் ஓடினார் என்று நாய் கணக்குப் போட்டுக்கொள்கிறது. நாளொன்றுக்கு ஐம்பது முறை இந்தப் பாடம் நடந்தால் நாய் எப்படித் தேறாமல் இருக்கும்?

அமெரிக்காவின் டென்வர் நகரில், கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வொன்று 1994இல் வெளிவந்தது. முற்றத்தில் கட்டிவைத்து வளர்க்கப்பட்ட நாய்கள் கடிக்கும் நாய்களாக இருக்க ஏறத்தாழ 2.8 மடங்கு வாய்ப்பு அதிகம் என்றும், கருத்தடை செய்யப்படாதவற்றிற்கு 2.6 மடங்கு அதிகம் என்றும் அது கண்டது. சங்கிலி நாயை நல்லதாக்கும் என்று நம்புகிறவர்கள் இக்கணக்கை எண்ணிப் பார்க்கலாம். கட்ட வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கட்டிவிட்டு மறந்துவிடுவதைத்தான் சொல்கிறோம்.

ஜெலுத்தோங் கதைக்கு வருவோம். அவர்கள் முதலில் செய்தது கேட்டின் கீழ்ப்பாதியைத் துத்தநாகத் தகட்டால் மறைத்தது. போகிறவர் கால் நாயின் கண்ணில் படாமற்போனதும் பாய்ச்சல் பாதியாகக் குறைந்துவிட்டது. செலவு ஒரு பழைய தகடும் நாலு கம்பியுந்தான். அடுத்து, தோட்டத்தில் வேலி கட்டிப் பழகிய கணவர், முன்வாசல் தூணிலிருந்து பின்சுவர்வரை உயரத்தில் ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, அதில் ஒரு வளையத்தை மாட்டி, நாயின் சங்கிலியை வளையத்தில் கோத்தார். ஐந்தடியில் சுழன்ற நாய் இருபதடி நடமாடத் தொடங்கியது. சங்கிலி கேட்டை எட்டாதபடி கம்பியில் ஒரு முடிச்சும் போட்டார். மழை படாத மூலையில் ஒரு பலகை போடப்பட்டது. பிஸ்கட் டின் போய் ஒரு மண்சட்டி வந்தது.

ஜாலான் ஜெட்டி ஜெலுத்தோங்கில் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தின் பினாங்குக் கிளை இருப்பது பலருக்குத் தெரியும். சிங்கப்பூரிலிருந்த மகனைத் தொலைபேசியில் அழைத்து விவரம் சொன்னதும், விடுப்பில் வந்தபோது அவரே நாயைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய், வெறிநோய்த் தடுப்பூசியும் கருத்தடையும் செய்வித்தார். கழுத்தில் சங்கிலி அறுத்த புண் ஒன்று ஆழமாக இருந்ததாம்; இத்தனை நாள் அது சீறியதில் பாதி அந்த வலியின் சீற்றம் என்று மருத்துவர் சொன்னார்.

நாய் முற்றிலும் மாறிவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். மோட்டார் சைக்கிளைக் கண்டால் இன்றும் குரைக்கிறது. பிள்ளைகளை அருகில் விடுவதில்லை.

பேச்சு பலிக்காதபோது

எல்லா அண்டை வீட்டாரும் அந்த ஆப்பெக் போன்றவர்கள் அல்லர். 'என் வீடு, என் நாய்' என்று முகத்தைத் திருப்பிக்கொள்வோரும் உண்டு. அப்போதும் உரத்துப் பேசிப் பயனில்லை. நாய் எந்தெந்த நாளில், எந்த நேரத்தில் அவிழ்ந்து வந்தது, யாரைத் துரத்தியது என்பதை ஒரு பள்ளிக் குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதிவையுங்கள். கைபேசியில் ஒரு படம் எடுங்கள். "உங்கள் நாய் எப்போதும் தொல்லை" என்பது சண்டை. "சென்ற செவ்வாய் காலை ஆறு மணிக்கு வேலியைத் தாண்டிப் பள்ளிப் பிள்ளையைத் துரத்தியது" என்பது முறையீடு. முன்னதற்கு எவரும் செவிசாய்ப்பதில்லை.

தோட்டமானால் முறையீடு முதலில் தோட்ட நிர்வாகத்திடம் போக வேண்டும். தொழிற்சங்கக் கிளைச் செயலாளரை உடன் அழைத்துப் போவது நல்லது. பெரட்டு நேரத்திலும் பள்ளி நேரத்திலும் எல்லா நாய்களும் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்று லயத்து மக்கள் கூடி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தால், எந்தத் தனி மனிதரையும் குற்றஞ்சாட்டியதாக ஆகாது. காட்டுப்பன்றிக்கும் திருட்டுக்கும் பயந்து நாய் வளர்ப்பது தோட்டத்தில் தவிர்க்க முடியாதது. ஆனால் பன்றி வரும் நேரம் வேறு, பிள்ளைகள் நடக்கும் நேரம் வேறு.

நகரமானால் ஊராட்சி மன்றம் இருக்கிறது. பினாங்குத் தீவில் மாநகர் மன்றத்தின் அலுவலகம் கொம்தாரில் உள்ளது. கடலுக்கு இப்பால் செபராங் பிறை மாநகர் மன்றம். நாய் வளர்க்க ஊராட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும். எத்தகைய வீட்டில் எத்தனை நாய் என்பதற்கும் வரம்பு உண்டு. அலைய விடப்படும் நாயைப் பற்றிய புகார் அங்கே போக வேண்டும். பட்டினி, புண், நிழலின்மை போன்ற கொடுமையைக் கண்டால் கால்நடைச் சேவைத் துறையிடம் சொல்ல வேண்டும். பினாங்கு மாநிலத்திற்கு அதன் அலுவலகம் புக்கிட் தெங்காவில் இருக்கிறது. தன் பிராணிக்குத் தக்க உணவும் இடமும் நோய்ப் பாதுகாப்பும் அளிப்பது சொந்தக்காரரின் கடமை என்று மேலே சொன்ன விலங்கு நலச் சட்டம் விதிக்கிறது. பிறருக்கு ஆபத்து நேராதபடி தம் பிராணியைக் காவல் செய்யத் தவறுவோரைக் குற்றவியல் சட்டத்தின் 289ஆம் பிரிவு ஆறு மாதம்வரை சிறைக்கும் அனுப்பலாம். சட்டத்தைச் சொல்லி மிரட்டுங்கள் என்று நாம் கூறவில்லை. ஏழையின் புகாருக்கும் இடம் உண்டு என்பதற்காகவே சொல்கிறோம்.

பல இனத்தார் சேர்ந்து வாழும் நாட்டில் மற்றொன்றையும் கருத வேண்டும். நாம் நாய் வளர்ப்பவராக இருந்து, அடுத்த வீட்டார் மலாய்க்காரராக இருந்தால், நம் நாய் அவர் வாசலில் வாய் வைப்பது அவருக்கு வெறும் தொல்லையன்று. நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும் என்பது அவர்களுடைய சமய ஒழுக்கம். தொழுகைக்குப் புறப்பட்டு நிற்பவரின் சட்டையில் நம் நாய் தாவினால், அவர் பொறுமையாக இருப்பது அவருடைய பெருந்தன்மை. அதை நாம் ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்தல் தகாது.

நாய் எதிரே வந்துவிட்டால்

'நாயைக் கண்டால் கல்லைக் காணோம்' என்று நம்மவர்கள் சிரித்துக்கொண்டு சொல்வது வழக்கம். கல் கிடைத்தாலும் எறியாமலிருப்பதே நல்லது. ஒருமுறை கல்லடி பட்ட நாய் அடுத்த முறை குனிபவரை எல்லாம் எதிரியாக எண்ணும். ஓடவும் கூடாது. ஓடுவதைத் துரத்துவது நாயின் இயல்பு. நின்றுவிடுங்கள், ஒரு பால்மரம் நிற்பதுபோல் நில்லுங்கள். கைகளை உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டு, அதன் கண்ணை நேராக உற்றுப் பார்க்காமல், பக்கவாட்டில் பார்வையை வைத்து, மெதுவாகப் பின்வாங்குங்கள். சைக்கிளில் போனால் இறங்கி, சைக்கிளை இடையே தடுப்பாக நிறுத்துங்கள். வாளி கையிலிருந்தால் அதையும் அவ்வாறே முன்னே பிடிக்கலாம். கீழே விழுந்துவிட்டால் உடலைச் சுருட்டிக்கொண்டு, கைகளால் கழுத்தையும் காதையும் மறைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு இதை விளையாட்டாகச் சொல்லிக் கொடுப்பது எளிது: 'மரமாக நில், கல்லாகக் கிட.' தின்னும் நாயையும் தூங்கும் நாயையும் குட்டியோடிருக்கும் நாயையும் கட்டிக்கிடக்கும் நாயையும் நெருங்கவே கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெறிநாய் என்று ஐயத்திற்கிடமான நாயிடம் கடிபடுவோரில் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அடி விழும் என்று அஞ்சிக் கடியை மறைக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆகவே நாயிடம் போனதற்காகப் பிள்ளையை அடிக்காதீர்கள்.

கடித்துவிட்டால்

உடனே, அந்த இடத்திலேயே, ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். பதினைந்து நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீண்ட நேரம். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். நோய்க் கிருமியில் பெரும்பகுதி அங்கேயே அழிந்துவிடும். காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் அப்பாதீர்கள். மந்திரிப்பது உங்கள் நம்பிக்கையானால், மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகு மந்திரித்துக்கொள்ளுங்கள். அன்றே, தோட்ட மருந்தகத்தோடு நில்லாமல், அரசாங்க மருத்துவமனைக்கோ சுகாதார நிலையத்திற்கோ போக வேண்டும். கீறல்தானே என்று இருந்துவிடாதீர்கள். புண் ஆறிவிடுவது ஆறுதல் அன்று. இந்நோய் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் உடலில் மறைந்திருந்தே வெளிப்படும்.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்னும் பயம் இன்னும் நம் மக்களிடையே உலவுகிறது. அது பொய்க்கதை அன்று, பழங்கதை. பிரான்சு நாட்டில் லூயி பாஸ்டர் 1885 ஜூலை 6ஆம் நாள், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்டருக்குத் தம் மருந்தை முதன்முதலாகச் செலுத்தி உயிர் காத்தார். நம் முன்னோரின் தமிழகத்தில், நீலகிரியின் குன்னூரில் 1907இல் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது. 1911இல் டேவிட் செம்பிள் என்பவர் ஆட்டு மூளையைக் கொண்டு செய்யும் தடுப்பு மருந்தை உருவாக்கினார். வயிற்றில் நாள்தோறும் போடப்பட்டு, வலியால் மக்களை ஓடவைத்த ஊசி அதுதான். இன்று நம் மருத்துவமனைகளில் போடுவது வேறு மருந்து. மேற்கையில், சில வாரங்களுக்குள் நான்கு அல்லது ஐந்து ஊசி. அம்மைத் தடுப்பூசியைவிட அதிகம் வலிப்பதில்லை. கடி ஆழமானால் புண்ணைச் சுற்றியும் மருந்து செலுத்துவார்கள். இரண்டு ஊசி போட்டதும் உடம்பு நன்றாக இருக்கிறதென்று நிறுத்திவிடுவதே நம்மவர் செய்யும் பெரிய தவறு. வெட்டு நாள் போனால் கூலி போகும் என்பதை நாம் அறியாமல் சொல்லவில்லை. அந்த ஊசி நாள்களுக்கு மருத்துவரிடம் சான்று கேட்டு வாங்கி நிர்வாகத்திடம் கொடுங்கள்.

கடித்த நாயை அடித்துக் கொல்வது நம் வழக்கத்தில் ஊறியது. அதைச் செய்யாதீர்கள். கடித்த நாயைக் கட்டிவைத்து, உணவும் நீரும் கொடுத்துப் பத்து நாள் கவனிப்பார்கள். பத்து நாள் கழித்தும் அது நலமாக இருந்தால், கடித்த வேளையில் அதன் எச்சிலில் நோய்க்கிருமி இருக்கவில்லை என்பது உறுதி. எச்சில் வழிவது, தாடை தொங்குவது, தள்ளாடுவது, கல்லையும் கட்டையையும் கடிப்பது, பழகியவரையே அடையாளம் காணாதது ஆகியவை தோன்றினால் உடனே கால்நடைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். இதற்காக ஊசியைத் தள்ளிப்போடலாகாது. ஊசி ஒரு பக்கம், கவனிப்பு ஒரு பக்கம். நாயைக் கொன்று புதைத்துவிட்டால் இந்தச் செய்தி மண்ணோடு போய்விடும்.

நாய்க்கு எப்போது தடுப்பூசி போடப்பட்டது, சென்ற வாரம் சோறு தின்றதா, எங்கே போய் எந்த நாயோடு சண்டையிட்டது என்று மருத்துவர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் விடை, நாயின் சொந்தக்காரரிடந்தான் இருக்கிறது. அவரோடு பேச்சுவார்த்தை முறிந்திருந்தால் அந்த இரவு வேளையில் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? முறுக்குப் பொட்டலத்தோடு போய்க் கதவைத் தட்டச் சொல்வது இதற்காகவுந்தான்.

குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் தடுப்பூசி. பிறகு ஆண்டுக்கு ஒன்று. ஜெலுத்தோங் ஆப்பெக் கண்ணாடியையே எங்கே வைத்தோம் என்று தேடுபவர். நாயின் தடுப்பூசி அட்டை அவரிடம் நில்லாது என்று கண்ட அந்தப் பெண், அதைத் தம் வீட்டில் வாங்கி வைத்துக்கொண்டார். மளிகைக் கடையில் கொடுத்த நாள்காட்டி அவர்கள் சமையலறைச் சுவரில் தொங்குகிறது. தைப்பூசத்திற்குத் தண்ணீர்மலைக்குப் போக வேண்டிய நாளுக்கு ஒரு வட்டம். மகளின் பள்ளித் தேர்வுக்கு ஒன்று. அவற்றுக்குக் கீழே, நீல மையில், அடுத்த வீட்டு நாயின் ஊசி நாளுக்கு ஒன்று.